அழுத்த வேண்டிய இடம்

"இன்னாயா, வழவழன்னு இழுக்கிற? பெ-ரி-கோ-லோ-சோ. 'கோ'லதான் குத்தணும்!"

சொன்னபடியே சப்பாத்தி மாவில் ஓங்கிக் குத்தினாள் காந்தா. 'ஆபத்தானது' என்பதற்கு இத்தாலிக்காரர்களின் சொல் அது.

அவள் புருஷன் ஜெயராஜ் அந்தக் குத்துக்கு ஏற்றபடி சொன்னான். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவன். எந்தச் சொல்லையும் துண்டு துண்டாக்கிவிடுவான். எந்தத் துண்டில் அழுத்துவது என்பதில்தான் தடுமாற்றம்.

பொம்மசந்திராவில் அவன் வேலை பார்க்கும் கிரானைட் கம்பெனியிலிருந்து ஒருவரை இத்தாலிக்கு அனுப்பப் போகிறார்கள். மூன்று வருடம். கிரேன் கல்லைத் தூக்கும்போது கீழே நின்று குரல் கொடுக்கிற வேலை. அந்த ஊர்ச் சொற்கள் நாக்கில் சரியாக வர வேண்டும். காந்தா கூட்டிப் பெருக்கும் கான்வென்டில் இத்தாலி சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டு வந்து தினமும் சொல்லிக்கொடுத்தாள். அவன் போவதாகவே முடிவு கட்டி, அவனுடைய அண்ணன் பெட்டிகூட வாங்கிவிட்டார்.

"அடுத்தது, ஃப்ரா-ஜி-லே. சுலபமா உடையறது. 'ஜி'ல குத்து."

"ஃப்ரா-ஜி-லே. ஏம்மே, ஞாயித்துக்கிழமை பூத்துக்குப் போன் பண்ணா வருவியா?"

"வராம? கிளம்புறவங்கள மறிச்சுப் பேசக் கூடாது. நீ பாடத்தப் பாரு."

மாவு தேவைக்கு மேலேயே அடி வாங்கியது.

திங்கட்கிழமை ஆள் தேர்ந்தெடுக்க இத்தாலியிலிருந்து கம்பெனிப் பெரியவர் வந்தார். காந்தா குத்திய இடங்களிலெல்லாம் குத்தினான் ஜெயராஜ். அவர் நெற்றியைச் சுருக்கி, மறுபடி சொல்லச் சொன்னார். அதே குத்து. உதட்டைப் பிதுக்கியவர், அவனுடன் வேலை பார்க்கும் ராஜேந்திரனைத் தேர்ந்தெடுத்தார்.

"ஏன்டா ஜெயா, உன் இத்தாலி பஸ்ஸு பக்கத்துல இருக்கிற அத்திபெலே கூடத் தாண்டலயே!" என்று சிரித்தான் ராஜேந்திரன்.

ஈஜிபுரா வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் காந்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த சிஸ்டருக்கு வயசாயிடுச்சுய்யா. தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க போல" என்றாள்.

"போனா போவுது. நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. பசிக்குது, தட்டு வையி."

போன வாரம் மெஷின் பூட்ட வந்த இத்தாலி ஃபிட்டர், கல் சரிந்தபோது இதே சொற்களைத்தான் கத்தியிருந்தார். ஒன்றில்கூட காந்தா குத்திய இடத்தில் அழுத்தம் விழவில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூடாததை அவள் மாவில் குத்திச் சொல்கிறாள் என்று புரிந்த அன்றிலிருந்துதான், அவள் குத்திய இடம் தப்பாமல் சொல்ல அவன் கவனமாகப் பழகினான்.