அமலராணி சொன்ன கிளைமாக்ஸ்

“லாசரஸ் சார், இந்தப் படத்தை நீங்க பார்க்கவே இல்ல!”

ஜெரோம் போட்ட சத்தத்தில் மொட்டைமாடியில் இருந்தவர்கள் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மாடம்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட் மாடியில் ஞாயிறு சாயங்காலம் கூடும் சினிமாக் கூட்டம் அது. எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துப் படங்கள் எவை என்று மாசக்கணக்கில் முடிவு செய்துகொண்டே இருக்கிறார்கள். இவர்கள் தீர்ப்புக்காக ஊர் உலகமே காத்திருப்பதாக நினைப்பு.

நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஜெரோம்தான் தலைவர். அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பார்க்காத படத்துக்கு ஓட்டுப் போட்டால் குரூப்பை விட்டு வெளியே.

இன்று முதலிடத்துக்கு ஓட்டெடுப்பு. ரிட்டயரான லாசரஸ் வழக்கம்போல ‘கிழக்கு ஜன்னல்’ என்றார். இருபது வருஷத்துக்கு முன் வந்த வேகத்தில் பெட்டிக்குள் சுருண்ட படம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பையனும் அவன் அப்பாவும்தான் கதை.

“அந்தக் கிளைமாக்ஸ் ஒண்ணு போதும் ஜெரோம். பையன் எழுந்து, சுவத்தைப் பிடிச்சு நடந்து, ஜன்னல்கிட்ட வந்து, தெருவுல வர்ற அப்பாவுக்குக் கையை ஆட்டுவான் பாரு...”

சொல்லிவிட்டுக் கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். அதுதான் வினையாகிவிட்டது.

“அப்படி ஒரு சீனே படத்துல கிடையாது சார்!”

உண்மைதான். அந்தப் பையன் செத்துப்போவான். காலிக் கட்டிலோடு படம் முடியும். பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

லாசரஸின் முகம் சுருங்கிவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் தனியாக இருக்கிற மனிதர். வாரத்தில் நாலு பேரோடு வாய்விட்டுப் பேசுவது இந்த ஒரு சாயங்காலம்தான். இதுவும் போனால் டி.வி.யோடுதான் பேச வேண்டும்.

“பாதி பார்த்தேன்” என்றார் மெதுவாக. “இடைவேளை வரைக்கும்.”

“இன்னா சார் நீங்க, அரை டிக்கெட்டா?” என்று சிரித்தார் எலக்ட்ரிகல் கடை முனிரத்தினம்.

“ஆமாம்பா. ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர். எங்க பையன் டெனிஸ் பிறந்ததுலேர்ந்து படுக்கைதான். தனியா விட முடியாது. வீடு தியேட்டருக்குப் பின்சந்து. முதல் பாதியை நான் பார்ப்பேன். இடைவேளை விட்டதும் ஓடிப்போய் டிக்கெட்டை என் சம்சாரம் அமலராணி கையில குடுப்பேன். மீதிப் பாதி அவளுக்கு. கேட்ல நின்னவர் தெரிஞ்சவர், கண்டுக்க மாட்டார். படம் விட்டு வந்ததும் டெனிஸ் பக்கத்துல உட்கார்ந்து நான் பார்த்ததை அவகிட்ட சொல்வேன், அவ பார்த்ததை எனக்குச் சொல்வா. எங்களுக்கு அதான் சினிமா.”

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அது போய் முடிகிறவரை லாசரஸ் காத்திருந்தார்.

“டெனிஸ் போயிட்டான். போன வருஷம் அமலாவும் போயிட்டா. இப்பவும் தியேட்டருக்குப் போனா இடைவேளையில எழுந்து வந்துடறேன். வீட்டுல யாரும் இல்லைன்னு ரோட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வருது.”

சிரித்த முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது கிடக்கட்டும். அமலா சொன்னது தப்புன்னா, கடைசியில அந்தப் பையனுக்கு என்னதான் ஆகும்?” என்று கேட்டார் லாசரஸ்.

ஜெரோம் வாயைத் திறந்தான். கீழ்க்கட்டளையில் டீச்சராக இருக்கும் சத்யபிரியா அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஒரு படம் வந்த வருஷத்தைத் தப்பாகச் சொன்னாலே ஒரு வாரம் சண்டை போடுகிறவன் ஜெரோம்.

“இல்ல சார்... அவங்க சொன்னதுதான் கரெக்ட். நான்தான் வேற படத்தோட குழப்பிக்கிட்டேன். பையன் எழுந்து நடப்பான்.”

“ஜன்னலாண்ட வந்து கையகூட ஆட்டுவான் சார்” என்றார் முனிரத்தினம்.

ஜெரோம் போர்டில் முதலிடத்தில் ‘கிழக்கு ஜன்னல்’ என்று எழுதினான். அந்தக் கூட்டத்தின் சரித்திரத்திலேயே சண்டையில்லாமல் முடிந்த முதல் ஓட்டெடுப்பு அதுதான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. லாசரஸைக் கையைப் பிடித்துப் படியிறக்கி, கேட் வரை கொண்டுவந்து விட்டான் ஜெரோம்.

“உனக்கும் பொய் சொல்ல வரலை, ஜெரோம்.”

“சார்?”

“அமலாவுக்கும் வராது. அன்னிக்குப் படம் விட்டு வந்தப்போ அவ கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடந்தது. பிள்ளை எழுந்து நடந்துட்டான்னா எந்த அம்மாவாவது அப்படி அழுவாளா? டெனிஸ் தலையைத் தடவிக்கிட்டே அவ சொன்னா. நானும் நம்பின மாதிரியே கேட்டுக்கிட்டேன். சாகிற வரைக்கும் அவகிட்ட காட்டிக்கலை.”

ஜெரோம் அவர் கையை விடவில்லை. “எல்லாம் தெரிஞ்சும் ஏன் சார் எங்ககிட்ட கேட்டீங்க?”

லாசரஸ் கேட்டைத் திறந்துகொண்டு சொன்னார்:

“அவ போனதுக்கப்புறம் அந்த முடிவை எனக்கு யாருமே சொல்லலியேப்பா.”