பயம் அறிந்தவள்

கார்காலம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. உள்ளதையெல்லாம் ஈந்துவிட்ட வள்ளல்போல, வெளுத்து மெலிந்த மேகங்கள் மலைக்கு அப்பால் மெல்ல நகர்ந்தன. நனைந்த மண் தன் வாசத்தையே தூபமாக ஏந்தி நின்றது. புதிதாய் முளைத்த ஒவ்வொரு புல்லின் நுனியிலும் ஒரு துளி, வானைத் தொழுது நடுங்கியது.

அந்த அமைதியைப் பிளந்துகொண்டு ஓர் அலறல் எழுந்தது.

"ஐயோ, பல்லி!"

தேநீர் கொண்டுவந்த பெண் நாற்காலிமேல் ஏறி நின்றாள். ஆனால் கையிலிருந்த தட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா முகத்தைச் சுளித்தாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். மரம் அறுக்கும் பட்டறையை ஒற்றை ஆளாய் நடத்துபவள். அக்கா சரி என்றால்தான் கல்யாணம் என்று தம்பியே சொல்லியிருந்தான்.

"ஏண்டா," என்று அவன் காதில் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். "நீயே இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்கிறவன். இவளையும் கட்டிக்கிட்டா, ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியிலயேவா குடித்தனம் நடத்துவீங்க?"

"மெதுவா பேசுக்கா..."

"நான் மெதுவாத்தாண்டா பேசறேன்!"

பெண் நாணத்தோடு இறங்கி வந்தாள். "மன்னிச்சுக்குங்க அக்கா. எனக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி. அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"இப்பத்தானே போய்ப் பாத்துட்டு வந்தே?"

"ஆமா. இன்னொரு தடவை."

அவள் போன திசையை அக்கா வெறித்தாள். முற்றத்தில்கூட அந்தப் பெண் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள்.

திரும்பி வந்தவளிடம் அக்கா நேரடியாகவே கேட்டாள். "என்ன வேலைம்மா பாக்கறே? தம்பி ஏதோ மண் வேலைன்னான்."

"ஆமாங்க அக்கா. முட்டி போட்டு உக்காந்து, சின்னக் கரண்டியால மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்."

"தோட்டமா? என்ன விளையுது?"

"இப்போதைக்குப் புல்லுதான்."

தம்பிக்குப் புரையேறியது. அக்கா தன் வலக்கையை மேசைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. அதை ஒரு பதக்கம்போல் எல்லோருக்கும் காட்டுவது அவள் வழக்கம்.

"பாத்தியா? ரம்பத்துக்குக் குடுத்தது. துணியைச் சுத்திக்கிட்டு அன்னைக்கு மிச்ச மரத்தையும் அறுத்து முடிச்சேன். பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

பெண் அந்தக் கையைத் தன் இரு கைகளிலும் ஏந்திப் பார்த்தாள். "கொஞ்சமாவது பயந்திருந்தீங்கன்னா விரல் இருந்திருக்கும்ல, அக்கா?"

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்தது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அந்தக் கணமே முடிவு செய்தாள். தம்பியின் முகம் வாடியதைப் பார்த்ததும் வாய்வரை வந்ததை விழுங்கினாள். வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

"நாங்க வேலை செஞ்ச நிலத்தை இன்னைக்கு ஊர்க்கிட்ட ஒப்படைக்கிறோம்," என்றாள் பெண். "நீங்களும் வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

மூவரும் கொல்லைப் பாதை வழியே நடந்தார்கள். பாதை முடிந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கப்பால் பரந்த புல்வெளி. அதன் மறுகரையில் பள்ளிக்கூடம். கயிற்றுக்கு இப்புறம் பிள்ளைகள் புத்தகப் பையோடு காத்திருந்தார்கள். பக்கத்தில், பிடுங்கிக் கவிழ்த்த சில மரப்பலகைகள் அடுக்கிக் கிடந்தன. மட்டமான மரம் என்று பட்டறைக்காரியின் கண் எடை போட்டது.

அங்கே நின்றிருந்த வேலை மேற்பார்வையாளர் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். கயிற்றின் முன் நின்று புல்லையே உற்றுப் பார்த்தாள்.

"புல்லுல நடக்கறதுக்குக்கூடவா பயம்?" அக்காவுக்குப் பொறுக்கவில்லை, கூடவே கொஞ்சம் இரக்கமும் வந்தது. "சரி, நான் முன்னால போறேன். என் பின்னாலயே வா." கயிற்றைத் தூக்கிக் குனிந்து, ஒரு காலை உள்ளே நீட்டினாள்.

"காலை எடுங்க!"

பல்லிக்கு அலறிய குரலா அது? அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பெண் அவள் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு குரல் தணிந்தது. "கோவிச்சுக்காதீங்க அக்கா. வேலை செஞ்சவங்கதான் முதல்ல வெறுங்காலோட நடக்கணும். எங்க வழக்கம் அது."

கயிற்றுக்குள் நுழைந்து அவள் நடந்தாள். பிள்ளைகள்கூட மூச்சுக் காட்டவில்லை. மறுகரையை அடைந்து அவள் கையை உயர்த்தியதும் கைதட்டல் வெடித்தது. மேற்பார்வையாளர் கயிற்றை அவிழ்த்துவிட, பிள்ளைகள் கூவிக்கொண்டு புல்வெளியில் ஓடினார்கள்.

"என்னடா கூத்து இது? வெறும் புல்லுல நடந்ததுக்கு இவ்வளவு ஆரவாரமா?"

தம்பி அடுக்கின் மேலேயிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினான். மண்டையோட்டுப் படத்தின் கீழே சிவப்பு எழுத்துகள்: ‘ஆபத்து! கண்ணிவெடி நிலம்.’

"எல்லாத்தையும் தோண்டி எடுத்தது அவதான், அக்கா. முன்னாலயே சொல்லியிருந்தா நீ வந்திருக்கவே மாட்டே."

அக்கா நிமிர்ந்தாள். தூரத்தில் அந்தப் பெண் மண்டியிட்டு, மண்ணை இரு கைகளாலும் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அக்கா தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துபோய், நுனியில்லாத விரலோடு கூடிய அந்தக் கையை அவள் தலைமேல் வைத்தாள்.

"இந்தப் பயம் ஒருநாளும் உன்னைவிட்டுப் போகாம, என் தம்பியோட நூறு வருஷம் நல்லா இரும்மா."