நொண்டி வண்டி

பதினொரு மணி பஸ் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று சின்னப்பன் காருக்கடியில் படுத்து ஆக்சா பிளேடை இழுத்துக்கொண்டிருந்தார்.

கம்பி சுலபத்தில் அறுபடவில்லை. எந்தக் காலத்திலும் கழன்றுவிடக் கூடாது என்று அவரே வெல்டிங் வைத்த கம்பி அது.

எண்பத்திரண்டில், ஏலத்தில் பழைய இரும்பு விலைக்கு எடுத்த ஹெரால்டு கார். வாரம் முழுக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. ஞாயிறு பூசை முடிந்தால் லுங்கிக்கு மாறி காருக்கடியில் போய்விடுவார். மனைவி ராஜமேரி சோற்றுத் தட்டைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அந்த எவர்சில்வர் தட்டையே வெட்டிப் பின்விளக்குகளுக்கு வளையம் செய்துவிட்டார். டேஷ்போர்டுக்குப் பலாப்பலகை இழைத்தார். நினைத்த மயில்கழுத்து நிறம் வரும்வரை எட்டு முறை பெயிண்ட் கலந்தார்.

ஆனால் அவருடைய மூளை முழுக்க இறங்கியிருந்தது அந்தக் கைப்பிடியில்தான்.

மகள் லூர்துமேரிக்குப் போலியோவில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. கிளட்சை மிதிக்க முடியாது. சின்னப்பன் கிளட்ச் மிதியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, கியர் தடிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்தார். உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டே விரல்களால் கியர் போடலாம். நாலு தடவை பிடுங்கிப் போட்டார். ஐந்தாம் தடவை கச்சிதமாக அமைந்தது. கை வழுக்காமலிருக்க முனையில் சைக்கிள் ரப்பர் உறையும் மாட்டினார்.

லூர்துமேரி ஓட்டினாள். முதலில் பாலக்கோடு வரைக்கும், அப்புறம் மாரண்டஹள்ளி வரைக்கும். நடந்து போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் பெண், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்தது. நொண்டி வண்டி.

டீக்கடையில் முதல் தடவை காதில் விழுந்தபோது சின்னப்பன் சிரித்துவிட்டார். மூன்று வரன்கள் தட்டிப்போன பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது வருவது நாலாவது. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் இன்னாசி. பெண்ணுக்குக் கால் கொஞ்சம் விந்தும் என்று மட்டும் தரகர் சவரி சொல்லி வைத்திருந்தார். பாயில் உட்கார்ந்துவிட்டால் காலைப் புடவை மறைத்துக்கொள்ளும். வாசலில் நிற்கும் காரை எந்தப் புடவை மறைக்கும்?

"அப்பா, அத மட்டும் அறுக்காதீங்கப்பா."

லூர்துமேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம்.

"உள்ள போ. இந்தக் கைப்பிடியப் பாத்தா அவன் உன் மூஞ்சியயா பாப்பான்? காலத்தான் பாப்பான்."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. கம்பி அறுந்து விழுந்தது. மேலே வந்து கைப்பிடியை உருவி எடுத்தார். மனசு மாறிவிடப் போகிறது என்று நேராகக் கிணற்றடிக்குப் போய் உள்ளே போட்டார்.

திரும்பி வந்தபோது லூர்துமேரி கதவருகில் இல்லை.

பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். இன்னாசி, அவன் அம்மா மிக்கேலம்மாள், தரகர் சவரி.

இன்னாசியின் வலது கண்ணில் பூ விழுந்து வெளுத்திருந்தது. சவரி அதை இந்த வீட்டில் சொல்லவே இல்லை. சின்னப்பனுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. குறைக்குக் குறை சரியாய்ப் போயிற்று.

லூர்துமேரி வந்து பாயில் உட்கார்ந்தாள். புடவை காலை மறைத்துக்கொண்டது.

மிக்கேலம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒளிக்கிறதுக்கு என்னங்க இருக்குது? இவனுக்குக் கண்ணு ஒண்ணுதான். வண்டி ஓட்ட லைசென்ஸ் குடுக்க மாட்டேங்கிறாங்க. போன மாசம் பாலக்கோடு சந்தையில உங்க பொண்ணு காரு ஓட்டிக்கிட்டுப் போறதப் பாத்திருக்கான். வூட்டுக்கு வந்ததுலருந்து, கட்டுனா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

சொன்ன வேகத்தில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்னாசி கூச்சத்தோடு சிரித்தான். "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க மாமா. அம்மா பாக்கணும்னு ஆசப்படுறாங்க."

மாமா என்று கூப்பிட்டுவிட்டான். சின்னப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமையில் வெல்டிங்கடை எது திறந்திருக்கும்? இரும்புத்தூள் ஒட்டிய விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, வண்டியில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் லூர்துமேரி பேசினாள்.

"நான் இல்லீங்க. எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. அவரு வேற யாரையோ பாத்திருப்பாரு."

மாப்பிள்ளையைப் பார்க்காமல், அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மிக்கேலம்மாள் மெல்லத் திரும்பி, மகனின் வெளுத்த கண்ணைப் பார்த்தாள். சவரியும் அதையே பார்த்தார்.

இன்னாசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, நன்றாகத் தெரியும் கண்ணையும் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.