ஒரு தடவைதான் ஒட்டும்

"அடியில மட்டும் வெச்சிராதீங்க சார். குளிருதுன்னு நண்டு மண்ணைத் தோண்டிக்கிட்டுக் கீழ போகும். அங்க சூடு இருந்தா வெந்துரும்."

பெரம்பலூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ராஜவேல், தட்டையான கறுப்பு ஹீட்டர் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஸ்டிக்கர் மாதிரி பின்பக்கம் பசை தடவியது. கண்ணாடித் தொட்டியின் வெளிப்பக்கம், மண் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டுமாம்.

"இப்ப மாமனார் கோழிக்குஞ்சுக்குப் போடுற குண்டு பல்பைத் தொங்க விட்டிருக்காரு. அது ஆவாதா?" என்று கேட்டான் அறிவரசன்.

"ஈரம் காஞ்சிரும் சார். ஈரக்காத்து இல்லைன்னா சங்கு நண்டால மூச்சு விட முடியாது."

இந்த ஊர் வெயிலில் ஹீட்டர் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று ராஜவேல் சிரித்தார். மார்கழியே முடியப்போகிறது, இனிமேல் எதற்கு வீண் செலவு என்றார். தைப் பனி இருக்கிறதே என்றான் அறிவரசன். தொட்டி மேற்குச் சுவர் ஓரம் இருக்கும், சாயங்கால வெயிலில் அந்தச் சுவர் சூடேறும், பிளக் பக்கத்திலேயே இருக்கிறது என்று நிதானமாக ஒப்பித்தான். அப்படியென்றால் சின்னதே போதும் என்றார் ராஜவேல்.

"ஒயரு நீளம் கம்மி, பாத்துக்குங்க. எடத்தை முடிவு பண்ணிட்டு ஒட்டுங்க. ஒரு தடவைதான் ஒட்டும். பிச்சா கிழிஞ்சிரும்."

அரியலூர் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனான்.

கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போனபோது மனைவி சத்யப்பிரியா ஆசைப்பட்டு வாங்கிய நண்டு அது; காலிச் சங்குக்குள் குடியிருந்து, வளர வளரப் பெரிய சங்குக்கு மாறிக்கொள்ளும். பெரம்பலூரில் அவன் வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். தொட்டி கூடத்திலிருந்து அடுப்படிக்கும், அங்கிருந்து வாஷிங் மெஷின் மேலும் மாறிக்கொண்டே இருந்தது. தனியாக ஒரு வீடு பார்க்கலாமே என்று அவள் கேட்டாள். ஒரு நண்டுக்காகத் தனிக்குடித்தனமா என்று அவன் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். மறுநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அரியலூரில் அப்பா வீட்டுக்கு வந்தவள்தான். தீபாவளிக்கும் திரும்பவில்லை.

ஞாயிறுதோறும் அவன் வருவான். நண்டு சாப்பிட்டதா, சங்கு மாற்றியதா என்று விசாரிப்பான். நீ எப்படி இருக்கிறாய் என்பது நாக்கு நுனி வரை வந்து நிற்கும்; டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். இன்றைக்காவது கூப்பிடுவானா என்று அவளும் வாசல்வரை வந்து நிற்பாள்.

இன்றும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் ஹீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒயரை இழுத்துப் பார்த்தாள்.

"பிளக்கு எதுத்த சுவத்துல இருக்கு. இது பாதி தூரம்கூட வராது. வாராவாரம் இங்கயே வந்து உக்காருறீங்க, இதுகூடவா தெரியலை?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க? எதையும் அளந்து அளந்து பண்ற ஆளு."

"அளந்துதான் வாங்குனேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். அவள் கையில் கொடுக்காமல் தொட்டியின் மூடி மேல் வைத்தான்.

"பெரம்பலூர்லயே, துறைமங்கலத்துல சின்னதா ஒரு வூடு பாத்திருக்கேன். மேக்குச் சுவரு ஓரமாத் தொட்டி வெக்கலாம். பக்கத்துலயே பிளக்கு. மார்கழியில குடி போகக்கூடாதாம், தை பொறந்ததும் பால் காய்ச்சிக்கங்கன்னு வூட்டுக்காரர் சொல்லிட்டாரு." அவன் குரல் இறங்கியது. "நீ வரலைன்னாலும் நண்டையாவது அனுப்பு."

சத்யப்பிரியா பசைமேல் இருந்த தாளைப் பிரிக்காமலே ஹீட்டரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அப்ப இதை இங்க ஒட்ட வேணாங்க," என்றாள். "பிச்சா கிழிஞ்சிரும்னு கடைக்காரர் சொன்னாருல்ல."