முதல் பரிசு வாங்கிய மாப்பிள்ளை

“உங்களுக்கு அந்த முதல் பரிசு கிடைக்கவே இல்லை. அப்படித்தானே?”

இளவேனில் குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். கீழே கூடத்தில் இரண்டு வீட்டாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் அந்தக் காட்டூர் வீட்டின் மொட்டைமாடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

சித்தார்த்தன் மறுக்கவில்லை. “இல்லைங்க.”

“நெல் காயவைக்கிற மெஷினுக்கு உலக அளவுல முதல் பரிசு, லால்குடி இளைஞர் சாதனைன்னு செய்தி. எங்க அப்பா அதைச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. நேத்துதான் அதுக்குள்ள இருந்த லிங்க்கைத் தட்டிப் பார்த்தேன். போட்டியில நீங்க கலந்துக்கிட்டீங்கன்னு மட்டும்தான் அங்க இருக்கு.”

“நீங்க ஒருத்தர்தாங்க அதைத் தட்டிப் பார்த்திருக்கீங்க.”

“என் வேலையே அதாங்க. செய்தியில ஆதாரம்னு கொடுக்கிற லிங்க்குல நெஜமாவே அந்த விஷயம் இருக்கான்னு பார்க்கணும். நிறைய வெப்சைட்காரங்க செய்தியை எங்க கம்பெனிக்குத்தான் அனுப்புறாங்க. நாள் முழுக்க இதேதான். எங்கிட்ட பொய் நிக்காது.”

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“வாங்காத பரிசுங்க அது. மத்தவங்க பாராட்டுறப்ப எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? பொய்யைவிட அதுதான் எனக்குப் பிடிக்கலை.”

“சும்மா இருக்கலைங்க. செய்தி வந்த அன்னிக்கே அந்த வெப்சைட்டுக்கு மெயில் போட்டேன். பரிசு வாங்கினது வேற ஆளு, திருத்திடுங்கன்னு. சரிபார்க்கிற இடத்துக்கு அனுப்பிட்டோம்னாங்க. அங்கேருந்து, ‘லிங்க்கைப் பார்த்துவிட்டோம், செய்தி சரிதான்’னு பதில் வந்துச்சு. மறுபடியும் எழுதினேன். திரும்பவும் அதே பதில்.”

இளவேனிலுக்குக் கோபம் வந்துவிட்டது. “சம்பந்தப்பட்ட ஆளே பொய்ங்கறாரு, பார்க்காமயே சரின்னு போட்டிருக்காங்க. இவங்களாலதான் எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு. பதில் அனுப்பினது யாருன்னு பேர் இருந்துச்சா?”

சித்தார்த்தன் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“இருந்துச்சுங்க. உங்களைப் பத்தித் தரகர் கொடுத்த விவரத்துலயும் அதே பேரு, அதே கம்பெனி. எனக்கு இப்போதைக்குக் கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமே இல்லைங்க. நேர்ல கேட்டாவது நீங்க திருத்திக் குடுப்பீங்களான்னுதான் வந்தேன்.”