தூதர் எழுதும் தமிழ்

“காய்ச்சல் விட்டுச்சா சார்? கஞ்சி வச்சுக் குடுக்க யாராச்சும் இருக்காங்களா?”

கடலூர் முதுநகரிலிருந்து பெலிசியா காலையிலேயே தூதருக்கு எழுதிவிட்டாள்.

தூதருக்குக் காய்ச்சலே இல்லை. டெல்லி பங்களாவில் நாயோடு நடை போய்க்கொண்டிருப்பார். காய்ச்சல் அமலனுக்கு. சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தூதரின் பெயரில் பதில் தட்டினான். ‘விட்டுவிட்டது. கஞ்சி நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?’

பெலிசியா அவன் மனைவி.

தூதரின் நாடு ஐரோப்பாவில் கடலே இல்லாத ஒரு குட்டி நாடு. முன்னெல்லாம் தூதர் என்றால் மந்திரிகளோடு விருந்து சாப்பிட்டால் போதும். இப்போது திட்டக்குடி விவசாயிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காக ஃபேஸ்புக்கில் தமிழ்ப் பக்கம் திறந்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அதை நடத்த, எழுதுகிற வேலை அமலனுக்கு வந்தது.

காடாம்புலியூர்க்காரர் ஒருவர் எங்க பலாப்பழத்த உங்க ஊர்ல வாங்குவாங்களா என்று கேட்டால், ‘வாசனை இங்கேயே வந்துவிட்டது’ என்பார் தூதர். இந்திப் பக்கத்தைவிட இங்கேதான் கூட்டம் ஜாஸ்தி.

எழுதச் சொன்னால் இப்படிக் கொட்டுகிறவனுக்கு, எதிரில் ஆள் இருந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். “செவுத்தோட குடும்பம் நடத்துறேன்” என்று சொல்லிவிட்டு ஒருநாள் பெலிசியா அம்மா வீட்டுக்குப் போனாள். யார் முதலில் கூப்பிடுவது என்பதிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அவன் ஏறவில்லை.

போன ஜனவரியில், முன்பு பெலிசியாவோடு வருஷா வருஷம் போன கோணான்குப்பம் மாதா கோயில் தேரன்று, மனசு கேட்காமல் தூதரின் பெயரில் ஒரு வாழ்த்துப் போட்டுவிட்டான். கம்பெனியிலிருந்து சுவேதா பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்குப் போட்டால் சரி, இந்தத் தேரெல்லாம் டெல்லியில் இருக்கிற தூதருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஆனால் மாவட்டம் பூராவும் லைக் குவிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் பெலிசியாவும் உள்ளே வந்தாள்.

பிறகு இன்பாக்ஸுக்கு வந்தாள். மற்றவர்கள் விசாவையும் மேற்படிப்பையும் பனிமலையையும் விசாரித்தார்கள். அவள் அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிட்டாரா, தூங்கினாரா, மழைக்குக் குடை இருக்கிறதா என்பதுதான் அவள் விசாரணை. முகம் பார்க்காத ஒரு வெள்ளைக்காரரிடம் இத்தனை பரிவா என்று அமலனுக்குப் பொறாமைகூட வந்தது.

ஒருநாள், வீட்ல யாரும் இல்லையா சார் என்று கேட்டிருந்தாள். ‘இருந்தாள். நான்தான் பேசத் தெரியாமல் தொலைத்துவிட்டேன்’ என்று எழுதினான். அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை செல்போனைக் கீழே வைக்கவில்லை. ‘தொலைச்ச பொருள் எங்க போயிடும் சார், தேடுங்க’ என்று வந்தது.

அந்தத் தூதர்தான் நாளை சிதம்பரம் வருகிறார். நாட்டியாஞ்சலி பார்க்க வருகிறவர், பக்கத்தில் அதிகம் எழுதுகிற நேயர்களை ஒரு ஹோட்டலில் சந்திப்பதாக ஏற்பாடு. அழைத்தவர்களில் முதல் பெயரே பெலிசியா. வருவதாகச் சொல்லிவிட்டாள். அமலன் அந்தப் பக்கமே போவதில்லை என்று இருந்தான்.

மத்தியானம் சுவேதா கூப்பிட்டாள். மொழிபெயர்க்க வேண்டியவர் வரவில்லையாம்.

“நீங்கதான் தூதர்கூட நிக்கணும்.”

“எனக்குக் காய்ச்சல்ங்க. இருமல் வேற.”

“மாஸ்க் போட்டுக்குங்க.”

அன்று இரவு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் கஞ்சியைப் பற்றிக் கேட்பாள். தூதர் திருதிருவென்று விழிப்பார். வேலை போனால் போகட்டும், இன்னொன்று கிடைக்கும். சாப்பிட்டியா என்று கேட்க உலகத்தில் இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போய்விடுவாள்.

மறுநாள் ஹோட்டல் ஹாலில் தூதர் எல்லோருக்கும் “வணக்கம்” சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அமலன் மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

காடாம்புலியூர்க்காரர் முழுப் பலாப்பழத்தோடு வந்து கலகலப்பாக்கிவிட்டுப் போனார். ஒரு கல்லூரி மாணவி செல்ஃபி எடுத்தாள். அடுத்து பெலிசியா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் ஒரு சில்வர் தூக்கு. சூடு பொறுக்காமல் முந்தானையை மடித்துப் பிடித்திருந்தாள்.

தூதர் அவள் கையைக் குலுக்கினார். உங்களைப் போன்றவர்களால்தான் இரண்டு நாடுகளும் நெருங்குகின்றன என்று இங்கிலீஷில் மனப்பூர்வமாகச் சொன்னார். அமலன் குரலை மாற்றிக்கொண்டு தமிழில் சொன்னான். அவள் தலையாட்டினாள். தூதர் சிரித்த முகமாக இன்னொரு கேள்வி கேட்டார்.

அமலன் அவள் முகத்தைப் பார்க்காமல், தூக்கைப் பார்த்துச் சொன்னான்.

“ஒங்களுக்கு எங்க நாடு என்ன செய்யணும்னு கேக்குறாரு.”

பெலிசியா தூதரின் பக்கம் திரும்பவே இல்லை.

“அவரு பேர்ல எழுதுறவர எங்கூட வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க.”