எட்டு மாசத் தாமதம்

"ஆறு மாச வேலை. பதினாலு மாசம் இழுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

நகராட்சி இன்ஜினியர் காளீஸ்வரி பைல்ல இருந்து தலைய நிமிர்த்தல.

"ஆமா மேடம்"னாரு தாவீதுராஜ். எம்.ரெட்டியபட்டிக்காரரு. ஐம்பது வயசிருக்கும்.

டவுனோட பழைய பம்ப் ஹவுஸ இடிச்சிட்டுப் புதுசு கட்டணும். கூடவே நின்னு வேலைய நடத்த ஒரு மேனேஜர் வேணும். அதுக்குத்தான் இன்டர்வியூ.

"பக்கத்து டவுன்ல பம்ப் ஹவுஸு கட்டுனீங்களே, அங்க ஏன் இவ்வளவு லேட்டு? மழையா?"

"நம்ம பக்கம் ஏது மேடம் மழை?"

பக்கத்துல இருந்த ஓவர்சீயர் சிரிச்சிட்டாரு. காளீஸ்வரி சிரிக்கல.

"சாமான் வரலையா? ஆளு கிடைக்கலையா?"

"எல்லாம் இருந்துச்சு. என் தப்புதான் மேடம்."

"பைலும் அதைத்தான் சொல்லுது. மேனேஜரின் கவனக்குறைவு. வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

அவரு ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிட்டாரு.

"அதுக்கப்புறம் ரெண்டு வருசமா எவரும் வேலை குடுக்கல மேடம். இந்த ஒரு தடவை குடுத்துப் பாருங்க."

"ஊரு குடிக்கிற தண்ணி சார் இது. குடுத்துப் பாக்குற வேலையில்ல."

அடுத்து வந்த ஹரீஷ் நாற்காலியில உக்காரும்போதே, "தொண்ணூறு நாள்ல முடிச்சிருவேன் மேடம். பழச முதல் நாளே நிப்பாட்டிருவோம். ஊருக்கு லாரித் தண்ணி"ன்னான்.

சாயங்காலமே அவனுக்கு ஆர்டர் போயிருச்சு.

அடுத்த வாரம் பழைய பம்ப் ஹவுஸப் பாக்கப் போனா காளீஸ்வரி. அங்க ஆபரேட்டர் தவசி. போன வருசம் மாத்தலாகி வந்தவரு.

"மேனேஜருக்கு நல்ல ஆளு கிடைச்சாச்சாம்மா?"

"சின்னப் பையன், சுறுசுறுப்பு. இன்னொருத்தர் வந்தாரு தவசி. எதைக் கேட்டாலும் ஒரே பாட்டு." கழுத்தச் சாய்ச்சு, குரலத் தாழ்த்தி அவர மாதிரியே பேசிக் காட்டுனா. "என் தப்புதான் மேடம்."

தவசி சிரிக்கல.

"அவுக பேரு தாவீதுராஜாம்மா?"

"தெரியுமா?"

"அவுக பம்ப் ஹவுஸ் கட்டுன டவுன்ல அப்ப நாந்தான் ஆபரேட்டர். புதுசு முடியிற வரைக்கும் பழைய மோட்டாரத் தொடக்கூடாதுன்னு ஆர்டரு. லாரித் தண்ணி விட்டாக. லாரி மெயின் ரோட்டுலயே நின்னுக்கிரும். சந்துக்குள்ள இருக்குற சனம் என்ன செய்யும்? தாவீதுராஜ் சார்தான் எட்டு நாளைக்கு ஒருக்கா பழைய பைப்ப மாட்டி, தண்ணிய ஏத்திவிட்டு, திரும்பக் கழட்டிப் போடுவாக. மாட்ட ரெண்டு நாளு, கழட்ட ரெண்டு நாளு. வேலை எப்படிம்மா ஓடும்?"

காளீஸ்வரி பழைய மோட்டாரத் திரும்பிப் பாத்தா.

"இதை அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, ஆர்டர மீறி மோட்டாரப் போட்டது யாருன்னு கேப்பாக. போட்டது நாந்தான், அப்ப தற்காலிக ஆளு. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாக."

வெளிய லாரிச் சத்தம். ஹரீஷோட ஆளுங்க சாமான் இறக்கிக்கிட்டு இருந்தாக.

"அவுகளுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாதாம்மா?"

"கையெழுத்துப் போட்டாச்சு தவசி."

தவசி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"ஏன் லேட்டுன்னு விசாரணையில மூணு தடவை கேட்டாக. அவுக என்னையக் காட்டிக் குடுக்கல. பக்கத்துலதான் நின்னேன். நானும் வாயத் தொறக்கலம்மா."